மாலை மாட்டும் கொக்கி

என் கணவரின் இருதயத்தில் மூன்று அடைப்பு இருக்கிறது, பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, வீடு திரும்பியதும் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அந்தப் படத்துக்கு எப்போ பிரேம் போடப் போறே?”

நான் அடுப்படியில் நின்றுகொண்டு காதில் விழாதது போல் இருந்துவிட்டேன். பால் கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஏதோ பெரிய வேலை போல முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படம் அவருடையதுதான். நான் வரைந்தது. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். இருபத்தெட்டு வருஷமும் மாம்பழம், குடம், தேசியக் கொடி, இரண்டு மலைக்கு நடுவே சூரியன். எனக்கென்று ஒரு படம் போட்டதில்லை. கேட்டால் நேரமில்லை என்பேன். நேரம் இருந்தது, தைரியம்தான் இல்லை. ஓய்வு பெற்றதும் ஓசூரிலிருந்து மகள் எண்ணெய்ச் சாயப் பெட்டியும் ஸ்டாண்டும் வாங்கி அனுப்பினாள். இனிமேல் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடி பால்கனியில் அவர் காலையில் பனியனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும். யாரையோ திட்டப் போகிற முகம், ஆனால் யாரை என்று இன்னும் முடிவு செய்யாத முகம். அதைத்தான் வரைந்தேன். ஏழெட்டு படங்களைக் கெடுத்த பிறகு, இந்த ஒன்றில் ஆள் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் பார்த்த முகம் என்பதால் கை தானாகப் போயிற்றோ என்னவோ. முடித்துவிட்டுக் காட்டினேன். “இன்னா என் மூஞ்சி இப்டி கீது?” என்று கேட்டுவிட்டுப் போனவர், நான் குளிக்கப் போன சமயம் பார்த்து அதன் முன்னால் போய் நின்றிருக்கிறார். கதவிடுக்கில் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிரேம், பிரேம் என்று நச்சரிப்பு.

எனக்கு ஏன் கை வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஆளைத் தனியாக, மார்பளவில், பெரிதாகப் படம் எடுத்து பிரேம் போட்டு ஹாலில் மாட்டினால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். ஜோடியாக நிற்கிற கல்யாணப் படம் மாட்டலாம். தவழ்கிற குழந்தையை மாட்டலாம். சாமியை மாட்டலாம். உயிரோடு இருக்கிற ஆம்பிளையைத் தனியாக மாட்ட மாட்டோம். எங்கள் ஹாலின் தெற்குச் சுவரில் மாமனாரும் மாமியாரும் அப்படித்தான் இருக்கிறார்கள், சந்தன மாலையோடு. டாக்டர் தேதி குறித்த பிறகு அந்த வரிசையில் மூன்றாவதாக ஒன்றை எப்படிப் பிரேம் போடுவேன்? நான் படித்தவள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சகுனம் பார்ப்பது மூடநம்பிக்கை என்று சொல்லிக் கொடுத்தவள். ஆனாலும் வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படி இறங்குவேன்.

இதைக் காரணமாக அவரிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் ‘நீ செத்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது’ என்று சொன்னதாகும். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம். அதனால் வேறு சாக்கு தேடினேன்.

“ஆயில் பெயிண்ட் இன்னும் காயலை.”

“விரல வெச்சிப் பாத்தேன். காஞ்சிகீது.”

“மேல காஞ்சிருக்கும். உள்ள காய மாசக்கணக்கா ஆகும்.”

“ரெண்டு வாரத்துல எனக்கு ஆபரேஷன். உன் பெயிண்ட் எப்போ காயறது, நான் எப்போ பாக்கறது?”

விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்கு முன்பே ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன ஆபரேஷன் என்று கேட்டால், “பூந்தமல்லில ஏற்கெனவே ஒரு பைபாஸ் கீது, எனக்குத் தனியா ஒண்ணு போடறாங்களாம்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நான் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவேன். ‘நான் எப்போ பாக்கறது’ என்று அவர் சொன்னதும் என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மறுநாளே கடைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று தடுப்பதும் ஒரு அபசகுனம் போலப் பட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்துதான்.

ஷேர் ஆட்டோவில் படத்தை மடியில் நிறுத்தி, பழைய புடவையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனோம். மெட்ரோ வேலையில் ரோடு முழுக்கப் புழுதி. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். அவருக்கு இரைக்கிறதா, ஆட்டோ இரைகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரேம் கடை. மூன்று படி ஏற வேண்டும். இரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், செருப்பில் ஏதோ மாட்டிக்கொண்டது போலக் குனிந்து பாவனை செய்தார்.

கடைக்காரர் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். காதில் பென்சில், தாடியில் மரத்தூள். சுவர் நிறைய மூலைத் துண்டுகள் தொங்கின. ஒவ்வொரு பிரேமிலும் ஒரு மூலையை மட்டும் செய்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள், அதைப் படத்தின் மூலையில் வைத்துப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். தரையில் முடிந்த படங்கள் இரண்டு வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. வலது பக்கம் முருகன், பிள்ளையார், மெக்கா, பட்டம் வாங்குகிற பெண், கல்யாண ஜோடி. இடது பக்கம் இருந்ததை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். எல்லாம் தனித் தனி முகங்கள். எல்லோரும் நேராக நம்மையே பார்த்தார்கள். ஒவ்வொரு பிரேமின் மேல் விளிம்பிலும் இரண்டு பித்தளைக் கொக்கிகள் இருந்தன. மாலை மாட்டுவதற்கு.

பாய் புடவையைப் பிரித்து, படத்தைப் பார்த்து, பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“அண்ணனா இது? அப்டியே கீறாரே! யாரும்மா போட்டது?”

“நான்தான்.”

“கோவத்தக் கூட வுடல நீங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அதற்குப் பிறகு தேர்வு. வாழ்க்கையில் இவ்வளவு பயந்து நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. அவருக்குத் தங்க நிறம் வேண்டுமாம், பூ வேலை செய்தது. “நீங்க என்ன சாமி படமா?” என்று தள்ளிவிட்டேன். சாமியாவதற்கு ஒரே வழிதான் என்று மனசு உடனே சொல்லிற்று. பாய் கறுப்பு மூலையை எடுத்து வைத்தார். உண்மையைச் சொன்னால் கறுப்புதான் எடுப்பாக இருந்தது. பனியன் வெள்ளையும் பால்கனி வெளிச்சமும் அதற்குள் பளிச்சென்று எழுந்தன. ஓவிய ஆசிரியையாக எனக்கு அது தெரிந்தது. “கறுப்பு வேணாம்” என்று சுடுகிற பாத்திரத்தைத் தள்ளுவது போலத் தள்ளினேன். வெள்ளையும் வேண்டாம் என்றேன். அகலமான பட்டையை வைத்தபோது பாயே தலையாட்டிவிட்டார்.

“இது ஆள அமுக்குதும்மா.”

அமுக்குது என்ற சொல்லுக்கே என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு பிரேம் கடையில் எத்தனை பயங்கரமான சொற்கள் இருக்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது. அறுக்கணும் என்றார். அளவு எடுக்கணும் என்றார். கண்ணாடி வேண்டும், தூசி படியும் என்று இவர் அடம்பிடித்தபோது, “ஆயில் பெயிண்டுக்குக் கண்ணாடி வேணாண்ணே, மூச்சு முட்டும்” என்றார் பாய். நான் சட்டென்று இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மெலிசான தேக்கு நிறப் பட்டை ஒன்று அமைந்தது. உள்விளிம்பில் நூல் மாதிரி ஒரு வெளிர் கோடு. இரண்டு மூலையிலும் துண்டை வைத்து, பாய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இவரும் ஸ்டூலிலிருந்து எட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாற்பது வருஷம் லேத் ஓட்டியவர். இரும்பைக் கடைந்து எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கிற பழக்கம்.

“எப்போ வேணும்ணே?”

“ஒரு வாரத்துல குடு பாய். அப்பால நான் ஊர்ல இருக்க மாட்டேன்.”

ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பாய்க்கு விவரம் தெரியாதே என்று நான் அவசர அவசரமாக, “சின்ன ஆபரேஷன், நாலு நாள்ல வந்துடுவார்” என்றேன். சின்ன ஆபரேஷன் என்று நான் சொன்னதும் இவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பாய் படத்தை எடுத்து வலது பக்க வரிசையில், பட்டம் வாங்குகிற பெண்ணுக்குப் பின்னால் வைத்தார். எந்தப் பக்கம் வைக்கிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

எதிரே மெடிக்கல் கடை இருந்தது. இவருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதால், இவரைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனேன். கூட்டம். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனைப் பற்றிப் பேசியிருப்பார்கள், என் முன்னால் பேச வேண்டாம் என்று விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னா, மாத்திர கெடச்சிச்சா?” என்றார் இவர், தேவையில்லாத சத்தமாக.

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. ரத்தப் பரிசோதனை, எக்கோ, பல் டாக்டரின் சான்று என்று ஓட்டம். நடு நடுவே படம் ஞாபகம் வரும். பாய் அதை அறுத்துக்கொண்டிருப்பாரா, ஆணி அடித்துக்கொண்டிருப்பாரா, யாராவது தெரியாமல் எடுத்து இடது பக்கம் வைத்திருப்பார்களா. செல்போன் அடித்தால் தூக்கிவாரிப்போடும். ஒரு நாள் காலை தெரியாத நம்பரிலிருந்து, “ம்மா, ரெடியா கீது, எடுத்துக்கினு போலாம்” என்று ஒரு குரல். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். பாய்தான்.

இவரை வெயிலில் அலைய வேண்டாம் என்று வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். ஆபரேஷனுக்கு இன்னும் ஐந்து நாள்.

பாய் வலது பக்கத்திலிருந்துதான் எடுத்தார். நான் கவனித்தேன். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும் எனக்கே திக்கென்று இருந்தது, அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதுவரை அட்டையில் ஒட்டிய சாயமாக இருந்த ஆள், பிரேமுக்குள் போனதும் சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி ஆகியிருந்தார். நான் வரைந்ததுதானா என்று பெருமையாகக் கூட இருந்தது. விளிம்பைத் தடவிக்கொண்டே மேலே போனேன். விரலில் ஏதோ இடித்தது.

இரண்டு பித்தளைக் கொக்கி.

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பேசினேன். “கண்ணு தெரியலையா உங்களுக்கு? அந்த மனுஷன் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தீங்க. பேசினீங்க. அப்படியும் இதைப் போட்டிருக்கீங்கன்னா என்ன அர்த்தம்?” என்று கத்தினேன். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். “உங்க வீட்டு ஆம்பிளைக்கு இப்படி மாட்டுவீங்களா?” என்று கூடக் கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வால் பையன்களைக் கூட நான் அப்படிப் பேசியதில்லை.

பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

“தப்பு நம்மளுதும்மா. இந்த வாரம் அந்தப் பக்கத்து வேல ஜாஸ்தி. கை பழக்கத்துல போட்டுட்டேன். இப்பவே எடுத்துர்றேன்.”

“எடுத்துட்டா சரியாப் போச்சா?”

அவர் திருப்புளியால் இரண்டையும் கழற்றினார். இரண்டு ஓட்டை தெரிந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் துணியால் துடைத்தார். நான் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன்.

“இனிமே ஓட்ட தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

வீட்டில் எந்தச் சுவரில் மாட்டுவது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். தெற்குச் சுவர் கூடவே கூடாது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில், பிரிட்ஜுக்கு மேலே, மாமனார் மாமியாரின் பார்வை படாத இடம். ஆணி அடித்து மாட்டியதும் இவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். “பரவால்ல, ஒரு ஆள் மாரிதான் கீறேன்” என்றார். பிறகு எழுந்து, எக்கி, பிரேமின் மேல் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரலை ஓட்டினார்.

லேத்காரர் விரல். நூல் அளவு மேடு பள்ளம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். இடது ஓரத்தில் விரல் நின்றது. வலது ஓரத்திலும் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

“மரத்துல முடிச்சு இருந்திருக்கு. பாய் அடைச்சிருக்கார்” என்றேன்.

“ம்” என்றார்.

அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு நான் நாலு நாள் செத்துச் செத்துப் பிழைத்தேன். கண்டுபிடித்துவிட்டாரா? அந்த இடத்தில் இரண்டு ஓட்டை எதற்கு இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஆபரேஷனுக்குப் போகிற மனுஷன் தன் படத்தில் மாலைக் கொக்கி இருந்த தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவதா? பாய்க்கு மனசுக்குள் சாபம் கொடுத்தேன். எனக்கும் கொடுத்துக்கொண்டேன். ஆசைப்பட்டு வரைந்தது நான்தானே. மாம்பழத்தோடு நின்றிருக்கலாம். அவர் சாப்பிடும்போதெல்லாம் படத்தை ஒரு பார்வை பார்ப்பார். அவர் பார்த்தால் நான் அவரைப் பார்ப்பேன். ரசம் ஆறிப் போகும். மகள் ஓசூரிலிருந்து வந்து இறங்கியதும் படத்தைப் பார்த்து, “அம்மா, சூப்பரா இருக்கு!” என்று செல்போனில் பிடித்தாள். தனியாகப் பிடிக்காதே, அப்பாவையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பிடி என்று அதட்டினேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு அவரைத் தயார் செய்தார்கள். நெஞ்சில் முடி மழித்து, பச்சை அங்கி போட்டு, கையில் பெயர்ப் பட்டை கட்டி. கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். மகள் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட வெளியே போயிருந்தாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

“பாய்கிட்ட சண்ட போட்டியா?” என்றார்.

“எப்போ?” என்றேன்.

“அன்னிக்கி கடையில. சத்தம் போட்டியா?”

“போட்டேன். உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லல. கொக்கி ரெண்டும் காணும். நீ பாத்தின்னா சும்மாவா வந்திருப்பே? பாவம்டி அந்த ஆளு. அவர் மேல தப்பில்ல. நான்தான் போடச் சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை. புரிய ஆரம்பித்தபோது புரிய வேண்டாம் என்றிருந்தது.

“நீ மாத்திர வாங்கப் போனேல்ல, அப்போ சொன்னேன். மாட்டேன்னாரு. நான்தான் கெஞ்சினேன். எனக்கு ஒண்ணு ஆயிட்ச்சின்னா, நீ மறுபடியும் அந்தப் படத்தத் தூக்கிகினு, ஷேர் ஆட்டோல ஏறி, அந்தப் படி ஏறி, கொக்கி போடுங்கன்னு கேட்டுகினு நிக்கணும். தனியா. அது வேணாம்னு பாத்தேன். மேல ஓரத்துல சின்னதா இருக்கட்டும், உன் கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். உன் கண்ணுக்குத் தெரியாம இருக்குமா? வாத்தியாரம்மா ஆச்சே” என்றார்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். காலிலிருந்து உச்சி வரைக்கும் கோபம். மூன்று வாரமாக நான் ஒரு வார்த்தை வாயில் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிகிறேன், இந்த மனுஷன் மூன்றாம் மனுஷனிடம் போய் அதைச் சொல்லி, ஆர்டரும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! வாயைத் திறப்பதற்குள் வார்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் கையைத் தூக்கி ஆட்டினார். நான் ஆட்டவில்லை. மோதிரம் உள்ளங்கையில் அழுந்தி வலித்தது.

ஐந்து மணி நேரம். காத்திருக்கும் கூடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். எல்லோரும் ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் கந்த சஷ்டி படித்துக்கொண்டிருந்தாள். மகள் என் தோளில் சாய்ந்து, “சாமி கும்பிடறியாம்மா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். பொய். நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வாய்யா, உனக்கு இருக்கு. என்னைக் கேட்காமல் கொக்கி போடுவாயா? நான் படி ஏற மாட்டேன் என்று யார் சொன்னது? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் நீ எங்கும் போக முடியாது. ஐந்து மணி நேரமும் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மந்திரம் அன்றைக்கு அது ஒன்றுதான்.

டாக்டர் வந்து முகமூடியைக் கழற்றிக்கொண்டே, “நல்லபடியா முடிஞ்சுதும்மா” என்றபோது, திட்டியதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பு தேறி அவர் வெளியே நடக்க மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நெஞ்சில் தையல் இழுக்கிறது, உப்பில்லாத சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை, செருமினால் வலிக்கிறது என்று பேச எவ்வளவோ இருந்தது. ஆனால் எனக்குப் பாயின் சிறுத்த முகம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் காலை, மன்னிப்புக் கேட்கப் பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். “நானும் வரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா.

மூன்று படியையும் நிற்காமல் ஏறினார். பாய் ஒரு பட்டையை அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர், ரம்பத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நெஞ்சில் கை வைத்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு இவரை உட்கார வைத்தார்.

“பாய், அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க” என்றேன்.

“வுடுங்கம்மா. எங்க ஊட்டம்மா டெய்லி திட்டுது.”

“ஏன் பாய் ஒரு வார்த்தை சொல்லலை? இவர்தான் போடச் சொன்னார்னு சொல்லியிருந்தா நான் அப்படிப் பேசியிருப்பேனா?”

“அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. அப்பால...” என்று மரத்தூள் தாடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “முப்பது வருசமா இந்த வேல பாக்கறேம்மா. கொக்கி போட்டுட்டேன்னு இதுவரிக்கும் யாரும் நம்மகிட்ட சண்ட போட்டதில்ல. அந்தப் பக்கத்துக்கு வர்றவங்க பேசாம வாங்கிகினு போய்டுவாங்க. நீங்க சத்தம் போடச் சொல்லோ, போடட்டும், நல்லாப் போடட்டும், அவரு கீறார்ல, அதான் போடறாங்கன்னு நெனச்சிகினேன்.”

பாய் மேஜை இழுப்பறையைத் திறந்து, துழாவி, இரண்டு கொக்கிகளையும் எடுத்தார். சின்னக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார்.

“உங்க சாமான். வேற படத்துக்குப் போட மனசு வரல. எடுத்துகினு போறீங்களா?”

கேட்டது இவரிடம்தான். இவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, நீட்டப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டது, ஐந்து மணி நேரம் மனசுக்குள் கத்தியது, அதற்கும் முன்னால் அடுப்படியில் பாலை முறைத்துக்கொண்டு விழுங்கியது எல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது. அவரை எப்போதும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். அன்றைக்கு அது கூட ஞாபகமில்லை.

“உங்ககிட்டயே இருக்கட்டும் பாய்” என்றேன். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னேன். “நீ செத்துப் போனா நானே வந்து வாங்கிக்கிறேன். எனக்கு இந்தப் படி ஏறத் தெரியும்.”

பாய் குனிந்து கொக்கிகளைக் காகிதத்தில் மடிக்க ஆரம்பித்தார். சொன்னால் பலித்துவிடும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைச் சொல்லி முடித்துவிட்டேன். அவர் இன்னும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.